உங்களுக்குத் தெரியுமா? – திரும்பி வந்த இசைத்தட்டுகள்

◆ அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு விற்பனையான வினைல் இசைத்தட்டுகள் 4.1 கோடி. சி.டி.க்கள் 3.3 கோடிதான். எண்ணிக்கையில் சி.டி.யை வினைல் முந்தியது 1987க்குப் பிறகு அதுவே முதல்முறை. செத்துப்போனதாக எழுதி மூடிய வியாபாரம் இது! இத்தனை விற்றால் ஒரு பங்கு கடைக்கே திரும்பி வரத்தானே செய்யும்? அப்படி வந்தவற்றின் கதைதான் இந்தப் பக்கம்.

◆ அமேசான் நிறுவனம், வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய சரக்கை விற்பதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறது. பல வருடங்கள் ‘அமேசான் வேர்ஹவுஸ்’ என்ற பெயரில் ஓடியது, 2024இல் ‘அமேசான் ரீசேல்’ ஆனது. கடையின் புதுப்பிரதிப் பக்கத்தில் இருக்கும் அதே எல்.பி. இங்கே சில சமயம் பத்து டாலர் குறைந்து கிடக்கும். சில சமயம் ஒரே ஒரு டாலர்தான் குறைந்திருக்கும். இரண்டாவது வகையைத் தொடாதீர்கள். ஒரு டாலருக்காக யாரோ வேண்டாமென்று ஒதுக்கியதை வாங்கி, அதன் குறையைத் தேடி ஒரு மாலையைக் கழிப்பானேன்?

◆ புதிதாக வாங்கியதைப் போலவே ரீசேலில் வாங்கியதையும் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஆகவே ஒரே தட்டு இரண்டு மூன்று வீடுகளுக்குப் போய் வந்திருக்கவும் வாய்ப்புண்டு. குறை என்ன என்று திருப்புகிறவர் எழுதாமல் விட்டால், கிடங்கில் இருப்பவர் அட்டையைப் பார்த்துத்தான் தரம் போடுவார். அவர் கையில் பிளேயர் இல்லை. தட்டைப் போட்டுக் கேட்கவும் அவருக்கு நேரம் இல்லை.

◆ அமெரிக்கச் சில்லறை வியாபாரிகள் கூட்டமைப்பின் கணக்குப்படி 2024இல் அந்நாட்டு வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்த பொருள்களின் மதிப்பு சுமார் 89,000 கோடி டாலர். ஆண்டு விற்பனையில் 16.9 சதவீதம். துணி, செருப்பு, டி.வி. என எல்லாம் சேர்ந்த கணக்கு இது. இசைத்தட்டு அதில் ஒரு துளி. ஆனால் சேகரிப்பாளர்கள் வலைவீசிக் காத்திருக்கும் துளி.

◆ வினைல் வாங்குகிற அமெரிக்கர்களில் பாதிப் பேரிடம்தான் பிளேயர் இருக்கிறது! ‘லூமினேட்’ என்ற இசைத் தரவு நிறுவனம் 2023இல் சொன்ன தகவல். மீதிப் பேருக்கு அது சுவரில் மாட்டவும் அலமாரியில் நிறுத்தவும் அபிமானப் பாடகருக்கு விசுவாசம் காட்டவுமான பொருள். கேட்கிறவர்களுக்கு இதில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. தட்டைப் போட்டே பார்க்காதவர் எதற்காகத் திருப்பி அனுப்புவார்? அட்டையின் மூலை மடங்கியிருக்கிறது என்றுதான். உள்ளே இருக்கும் தட்டு முள் படாத கன்னித்தட்டு. தள்ளுபடி அட்டைக்கு, பாட்டுக்கு முழு மதிப்பு.

◆ அட்டையில் விழும் காயங்களில் ‘சீம் ஸ்பிளிட்’தான் அடிக்கடி காணக்கிடைப்பது. பார்சல் தரையில் செங்குத்தாக விழுகிறது. அட்டை நின்றுவிடும், உள்ளே இருக்கும் தட்டு நிற்காது. அது கீழே பாய்ந்து, உள் உறையையும் வெளி அட்டையின் ஒட்டுவாயையும் உள்ளிருந்தே அறுத்துவிடும். பிரிக்காத பிரதியிலும் இது நடக்கும். மேலே பிளாஸ்டிக் தாள் பளபளவென்று இருக்க, அதற்குள்ளேயே அட்டையின் கீழ் விளிம்பு இரண்டு அங்குலம் வாய் பிளந்திருக்கும். விஷயம் தெரிந்த பழைய தட்டு வியாபாரிகள் தட்டை அட்டையிலிருந்து வெளியே எடுத்து, உள் உறையோடு அட்டைக்குப் பின்னால் வைத்துக் கட்டுவார்கள். சீல் பிரிக்காத புதுத் தட்டுக்கு அந்த வழி இல்லை.

◆ சாதாரண எல்.பி. 120 முதல் 140 கிராம். ‘180 கிராம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி அதிக விலைக்கு விற்கும் கனத்த தட்டு நன்றாக ஒலிக்கும் என்பது பாதி விளம்பரம். தடத்தின் ஆழத்துக்கும் தட்டின் கனத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் கனம் கூடினால் விழும்போது அட்டையைக் கிழிக்கிற வலுவும் கூடும். அந்தப் பெருமைக்கு அட்டை கொடுக்கும் விலை!

◆ திரும்பி வந்த சரக்குக்கு அமேசான் கிடங்கில் ‘எல்.பி.என்.’ என்ற எழுத்துகளில் தொடங்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அட்டையில் அச்சான பார்கோடு அந்த ஆல்பத்துக்கு உரியது. ஆயிரம் பிரதியிலும் ஒன்றேதான். எல்.பி.என். எண்ணோ அந்த ஒரே ஒரு பிரதிக்கு மட்டும் உரியது. பிளாஸ்டிக் தாளின் மேல் ஒட்டியிருந்தால் பிரச்சினையில்லை. தாளைப் பிரித்துவிட்ட பிரதியில் நேராக அட்டை மேலேயே ஒட்டிவிடுவதும் உண்டு. அவசரப்பட்டு உரித்தால் அட்டைப்படமும் சேர்ந்து உரிந்து வரும். தலைமுடி உலர்த்தும் டிரையரால் லேசாகச் சூடு காட்டி, ஒரு முனையைத் தூக்கி, அட்டைக்கு ஒட்டினாற்போல் படுக்கவைத்தபடியே இழுக்க வேண்டும். தட்டை முதலில் வெளியே எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள். காரணம் கொஞ்சம் கீழே வருகிறது.

◆ தரக் குறியீடுகளில்தான் புது ஆட்கள் ஏமாறுகிறார்கள். ரீசேல் பகுதியில் ‘லைக் நியூ’, ‘வெரி குட்’, ‘குட்’, ‘அக்செப்டபிள்’ என்று நான்கு படிகள். புத்தகம், மிக்சி, இசைத்தட்டு எல்லாவற்றுக்கும் அதே அளவுகோல். பழைய தட்டுச் சந்தையின் அளவுகோல் வேறு. 1974இல் தொடங்கிய ‘கோல்ட்மைன்’ என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் இதழ் வகுத்த வரிசைதான் அங்கே சட்டம்: மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் பிளஸ், குட், ஃபேர், புவர். இதில் ‘நியர் மின்ட்’ நூறு ரூபாய் பெறுமென்றால் ‘வெரி குட் பிளஸ்’ ஐம்பது, ‘வெரி குட்’ இருபத்தைந்து, ‘குட்’ பத்தோ பதினைந்தோதான். அதாவது கோல்ட்மைன் கணக்கில் ‘வெரி குட்’ தட்டு போட்டால் சரசரக்கும். ‘குட்’ தட்டைத் தெரிந்தவர் வாங்கமாட்டார். அமேசானில் ‘வெரி குட்’ என்று வருவது பெரும்பாலும் மூலை மழுங்கிய புதுத் தட்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல சரக்கை விட்டவர்களும் உண்டு, மோசமானதை வாங்கியவர்களும் உண்டு.

◆ உலகத்து இசைத்தட்டுகளுக்கெல்லாம் பதிவேடு மாதிரி இயங்கும் ‘டிஸ்காக்ஸ்’ தளத்தை 2000ஆம் ஆண்டு கெவின் லெவன்டாவ்ஸ்கி என்ற கணினி நிரலாளர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தொடங்கினார். ஆரம்பத்தில் எலக்ட்ரானிக் இசை மட்டும். இன்று ஒரே ஆல்பத்தின் எந்தப் பதிப்பு எந்த ஆலையில் அச்சானது என்பதுவரை அங்கே பார்க்கலாம். இது எதற்கு என்கிறீர்களா? திரும்பி வந்த சரக்கில் நடக்கும் ஒரு பழைய தில்லுமுல்லைக் கண்டுபிடிக்க.

◆ தில்லுமுல்லு இதுதான். வீட்டில் கீறல் விழுந்த பழைய தட்டு இருக்கும். புதிது ஒன்றை ஆர்டர் செய்வது, புதுத் தட்டை வைத்துக்கொண்டு பழையதைப் புது அட்டைக்குள் செருகித் திருப்பி அனுப்புவது. கிடங்கில் அட்டையைப் பார்த்து ‘லைக் நியூ’ போட்டுவிடுவார்கள். ஆகவே கைக்கு வந்ததும் தட்டை விளக்கடியில் சாய்த்துப் பிடியுங்கள். கடைசிப் பாட்டுக்கும் நடு லேபிளுக்கும் இடையே உள்ள வெற்று வளையத்தில் எண்களும் எழுத்துகளும் பொறித்திருக்கும். அதுதான் மேட்ரிக்ஸ் எண். அதை டிஸ்காக்ஸ் பதிவோடு ஒத்துப் பார்த்தால் அட்டையும் தட்டும் ஒரே பதிப்பா, ஆள்மாறாட்டமா என்று தெரிந்துவிடும்.

◆ அந்த வெற்று வளையத்தில் எண்கள் மட்டுமல்ல, கையெழுத்தும் இருக்கும். லண்டனில் தட்டு வெட்டிய ஜார்ஜ் பெக்கம் தன் வேலையில் ‘எ போர்க்கி பிரைம் கட்’ என்று கீறிவைப்பார். ஜாஸ் ஒலிப்பதிவில் பெயர் பெற்ற ரூடி வான் கெல்டர் ‘ஆர்.வி.ஜி.’ என்று போடுவார். சேகரிப்பாளர்கள் பாட்டைக் கேட்பதற்கு முன் பூதக்கண்ணாடியோடு இதைத்தான் தேடுகிறார்கள்.

◆ நடு ஓட்டையைச் சுற்றி லேபிளைப் பாருங்கள். தட்டைப் பிளேயரில் வைக்கும்போது அச்சாணி ஓட்டையைத் தேடித் தடவும். அப்போது லேபிள் மேல் மெல்லிய கோடு விழும். ஒன்றிரண்டு கோடு என்றால் ஓரிரு முறை போட்டிருக்கிறார்கள். கோடுகள் தாறுமாறாகக் கிடந்தால், ‘லைக் நியூ’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

◆ பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தால் புதுசு என்று அர்த்தமில்லை. சூடுகாட்டிச் சுருங்கவைக்கும் தாளும் அதற்கான சிறு எந்திரமும் யாரும் வாங்கலாம்.

◆ ஐரோப்பாவில் ஆன்லைனில் வாங்கிய பொருளைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க 2011ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை உத்தரவு வழி செய்கிறது. ஆனால் அதிலேயே ஒரு விதிவிலக்கு: சீல் வைத்து வந்த ஒலிப்பதிவை வாங்கியவர் பிரித்துவிட்டால் அந்த உரிமை போச்சு! பிரித்து, கேசட்டில் பதிவு செய்துகொண்டு திருப்பிவிடுவார்களே என்ற பழைய பயம். பிரிட்டனிலும் 2013 விதிகள் இதையேதான் சொல்கின்றன. தட்டில் குறை இருந்தால் கதை வேறு. பிரிட்டனின் 2015 சட்டப்படி குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணமும் கேட்கலாம். ஆகவே ஐரோப்பியக் கடை ஒன்றில் திரும்பி வந்த தட்டு என்றால், சட்டப்படி அது சீல் பிரிக்காததாகவோ குறையுள்ளதாகவோதான் இருக்க வேண்டும், கடைக்காரரே தாராளம் காட்டியிருந்தாலொழிய. எது என்று கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

◆ அமெரிக்காவில், ஆன்லைனில் வாங்கியது மனசுக்குப் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க மத்திய சட்டம் எதுவும் உரிமை தரவில்லை. மூன்று நாள் அவகாசம் தரும் விதி ஒன்று உண்டு. அது வீடு தேடி வந்து விற்கிறவர்களுக்கானது. 30 நாள், 60 நாள் என்பதெல்லாம் கடைகளின் வியாபாரத் தந்திரம். இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், பொருள் பழுதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்கின்றன. எனவே இங்கே யாராவது ‘ரெக்கார்டுக்கு ரிட்டர்ன் கிடையாது சார்’ என்றால், நெளிந்த தட்டுக்கு அந்தப் பேச்சு செல்லாது.

◆ நெளிவு! இதுதான் திரும்பி வரும் தட்டுகளில் உண்மையான ஆபத்து. வினைல் என்பது பி.வி.சி.; 60, 70 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே இளக ஆரம்பித்துவிடும். கோடைவெயிலில் கதவடைத்து நிற்கும் வண்டிக்குள் அந்தச் சூடு சுலபமாக வரும். அப்படி ஒரு பகல் கிடந்த தட்டு பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து வெளியே வரும். லேசான நெளிவென்றால் முள் ஏறி இறங்கிச் சமாளித்துவிடும், பாட்டும் கெடாது. விளிம்பில் சட்டென்று எழும்பிய நெளிவானால் முதல் பாட்டிலேயே முள் குதிக்கும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து அடுப்பில் சூடுகாட்டி நிமிர்த்தும் கைவைத்தியம் உண்டு. தடம் உருகிப் பாட்டே போன கதைகளும் அதே அளவுக்கு உண்டு. ‘வார்ப்டு’ என்று குறிப்பு எழுதியிருந்தால் எத்தனை மலிவாக இருந்தாலும் நகர்ந்துவிடுவது என் வழக்கம்.

◆ ஓட்டை நடுவில் இல்லாத தட்டும் வரும். போட்டதும் முள் பிடித்திருக்கும் கை இடமும் வலமும் ஆடும். நீட்டிப் பிடித்த பியானோ ஸ்வரம் மேலும் கீழும் அலையும். இது ஆலையின் தவறு. அட்டையில் ஒரு குறையும் தெரியாது. பியானோவோ வயலினோ இல்லாத இரைச்சல் இசை என்றால் உங்கள் காதுக்குத் தெரியாமலேகூடப் போகலாம்!

◆ ஒரு பக்கத்தில் இருக்கும் தடம் வெளி விளிம்பிலிருந்து உள்ளே வரை ஒரே நீளச் சுருள். 22 நிமிடம் ஓடும் பக்கத்தில் அதன் நீளம் ஏறக்குறைய அரை கிலோமீட்டர். அதில் எங்கோ ஓரிடத்தில் உள்ள ஒரு சொட்டு அழுக்கும் காதுக்கு ‘டப்’ என்று கேட்கும். புதுத் தட்டு சரசரத்தால் உடனே பெட்டியில் போட்டுத் திருப்பாதீர்கள். காகித உறையின் தூசும் நிலைமின்சாரமுமே பாதிக் காரணம். ஒருமுறை கழுவினால் போய்விடலாம். கழுவும் நீரில் கொஞ்சம் ஆல்கஹால் சேர்ப்பார்கள். வினைலுக்கு அது சரி. தாத்தா காலத்து அரக்குத் தட்டில் பட்டாலோ அரக்கே கரைந்துவிடும்.

◆ அரக்கு என்றதும் ஒன்று. 78 வேகத் தட்டுகளுக்கு வேண்டிய அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது. இரண்டாம் உலகப் போரில் அந்தச் சரக்கு வருவது தடைபட்டது. கடல்கடந்த படைவீரர்களுக்கு 1943இல் அமெரிக்க ராணுவம் ‘வி-டிஸ்க்’ என்ற தட்டுகளை அனுப்பத் தொடங்கியபோது, அரக்குத் தட்டு வழியிலேயே உடைந்தது. வினைல் உடையாமல் போய்ச் சேர்ந்தது. தபாலில் தாங்குவது வினைலின் பிறவிக்குணம். கொலம்பியா நிறுவனம் 33⅓ வேக எல்.பி.யை நியூயார்க்கில் அறிமுகம் செய்தது அதற்கு ஐந்து வருடம் கழித்து, 1948இல்.

◆ அரக்குத் தட்டு உடையும் என்பதால் அந்தக் காலத்து ஒப்பந்தங்களில் ‘உடைசலுக்கு’ என்று பத்து சதவீதத்தைக் கழித்துக்கொண்டுதான் பாடகருக்கு ராயல்டி கொடுத்தார்கள். உடையாத வினைல் வந்தது, சி.டி. வந்தது, கழிவு மட்டும் ஒப்பந்தங்களில் ரொம்ப காலம் அப்படியே இருந்தது. இது போதாதென்று, நாளைக்குக் கடையிலிருந்து திரும்பி வரலாம் என்று சொல்லி இன்னொரு பங்கையும் நிறுத்திவைப்பார்கள்.

◆ ‘தட்டு தாவுகிறது’ என்று திருப்புகிறவர்களில் பலருடைய வீட்டில் குற்றவாளி பிளேயர்தான். சூட்கேஸ் வடிவில் வரும் மலிவு பிளேயர்களின் முள் 5 கிராம் அளவுக்கு அழுத்தும். நல்ல பிளேயரில் ஒன்றரை, இரண்டு கிராம்தான். எடை கூடியும் அந்த முள், கனத்த பாஸ் வரும் இடத்தில் தடத்தைப் பின்தொடர முடியாமல் எகிறிவிடும். அப்படித் திரும்பி வந்த தட்டு உங்கள் பிளேயரில் சமர்த்தாக ஓடும்.

◆ இதற்கு ஒரு பிரபலமான முன்கதை உண்டு. 1969இல் ‘லெட் ஜெப்பெலின் 2’ ஆல்பத்தைப் பாப் லட்விக் என்ற பொறியாளர் வெகு சத்தமாக, அடர்த்தியாக வெட்டினார். அட்லான்டிக் நிறுவனத்தின் அகமது எர்டெகன் ஒரு பிரதியைத் தன் மகளுக்குக் கொடுத்தாராம். அவளுடைய சின்னப் பிளேயரில் அது தாவியது. உடனே சத்தத்தைக் குறைத்து மறுபடி வெட்டச் சொல்லிவிட்டார்கள் என்பது லட்விக் சொல்லும் கதை. வெற்று வளையத்தில் ‘ஆர்.எல்.’ என்று அவர் கீறிய அந்த முதல் பிரதிகள் இன்று நூற்றுக்கணக்கான டாலருக்குப் போகின்றன. குறையுள்ள சரக்கு என்று ஒதுக்கப்பட்டது!

◆ சில தட்டுகள் பழுது போலவே தோன்றும், பழுதல்ல. ஜாக் ஒயிட்டின் ‘லாசரெட்டோ’ சிறப்புப் பதிப்பில் (2014) முதல் பக்கம் உள்ளிருந்து வெளியே ஓடும். வழக்கம்போல் விளிம்பில் முள்ளை வைத்தால் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். நடு லேபிளுக்கு அடியிலும் பாட்டு ஒளிந்திருக்கிறது. 1973இல் வந்த மான்டி பைத்தான் நகைச்சுவைத் தட்டின் ஒரு பக்கத்தில் இரண்டு தடங்கள் பின்னிப் பிணைந்திருந்தன. முள் எதில் இறங்குகிறதோ அந்த நகைச்சுவை. நேற்றுக் கேட்டது இன்று காணோமே என்று கடைக்கு ஓடினால் கடைக்காரர்தான் சிரிப்பார். பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ (1967) பிரிட்டிஷ் பதிப்பின் முடிவில் ஒரு உளறல் பேச்சு சுற்றிச் சுற்றி வரும், நாமாக முள்ளைத் தூக்கும்வரை. அதற்குச் சற்று முன் நாய்களுக்கென்று ஒரு கீச்சொலி வேறு.

◆ ‘பாடகர் குரல் தூங்கி வழிகிறது’ என்று தோன்றுகிறதா? பன்னிரண்டு அங்குலத் தட்டாக இருந்தாலும் 45 வேகத்தில் போட வேண்டிய பதிப்புகள் உண்டு. திருப்பி அனுப்புமுன் லேபிளைப் படியுங்கள்.

◆ திரும்பி வந்த பிரதியில் உள்ளடக்கம் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ என்றால் இரண்டு போஸ்டர், இரண்டு ஸ்டிக்கர். பீட்டில்ஸின் ‘வெள்ளை ஆல்பம்’ என்றால் ஒரு போஸ்டர், நால்வரின் நான்கு படங்கள். முன்பு வாங்கியவர் போஸ்டரைச் சுவரில் ஒட்டிவிட்டு மீதியைத் திருப்பியிருக்கலாம். டவுன்லோடு கோடு அட்டை இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஒருமுறைதான் அது வேலை செய்யும்.

◆ அமெரிக்கத் தபால்துறையில் ‘மீடியா மெயில்’ என்று புத்தகத்துக்கும் இசைத்தட்டுக்கும் மலிவுக் கட்டணம் உண்டு. மெதுவாகப் போகும். விளம்பரத் தாள் உள்ளே இருக்கக்கூடாது, சந்தேகம் வந்தால் தபால்காரர்கள் பிரித்தும் பார்க்கலாம்.

◆ ஆன்லைன் வருவதற்கு வெகுகாலம் முன்பே திரும்பி வந்த தட்டுகள் தனி வியாபாரமாக இருந்தன. விற்காததைக் கடைகள் நிறுவனத்துக்கே திருப்பும். நிறுவனம் அட்டையின் மூலையை வெட்டி, அல்லது ஓட்டை போட்டு, அல்லது விளிம்பில் ரம்பத்தால் ஒரு கீறு கீறி, அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும். இவற்றுக்குக் ‘கட்-அவுட்’ என்று பெயர். வெட்டு எதற்கு? மலிவாக வாங்கியதை மறுபடி முழு விலைக்கு நிறுவனத்திடமே திருப்பிவிடக் கூடாதே! பழைய தட்டுக் கடைகளில் மூலை வெட்டிய அட்டை கிடைத்தால் பயப்பட வேண்டாம். அது ஒருவர் வீட்டிலும் ஓடாமல் நேராகக் கிடங்கிலிருந்து வந்த தட்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

◆ 1978 செப்டம்பர் 18 அன்று ‘கிஸ்’ குழுவின் நால்வரும் ஒரே நாளில் ஆளுக்கொரு தனி ஆல்பம் வெளியிட்டார்கள். காசபிளாங்கா நிறுவனம் லட்சக்கணக்கில் கடைகளுக்கு அனுப்பியது. அந்தக் காலத்தில் தங்கத்தட்டு, பிளாட்டினத்தட்டு விருதுகள் கடைக்கு அனுப்பிய எண்ணிக்கைக்கே கிடைத்தன. விற்றது எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. அனுப்பியதில் பெரும்பங்கு திரும்பி வந்தது. ‘போகும்போது தங்கம், திரும்பும்போது பிளாட்டினம்’ என்ற கேலி இசைத்துறையில் அன்றிலிருந்து நிலைத்துவிட்டது.

◆ கட்-அவுட்டுக்காக ரத்தமும் சிந்தியிருக்கிறது. 1984இல் எம்.சி.ஏ. நிறுவனம் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய தட்டுகளையும் கேசட்டுகளையும் மொத்தமாக விற்றது. நடுவில் நின்ற தரகர் சால்வடோர் பிசெல்லோ, மாஃபியா தொடர்புள்ளவர். சரக்கு ஃபிலடெல்ஃபியா பக்கத்து வியாபாரி ஒருவருக்குப் போனது. நல்ல பாடகர்களின் தட்டுகளை எல்லாம் முன்பே பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று கண்டதும் அவர் பணம் தர மறுத்தார். விளைவு, முகத்தில் விழுந்த குத்தில் அவருடைய கண்குழி எலும்பு முறிந்தது. எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பேரத்தில் தொடர்புள்ள ரூலெட் ரெக்கார்ட்ஸ் அதிபர் மாரிஸ் லெவி, மிரட்டிப் பணம் பறிக்கச் சதி செய்ததாக 1988இல் தண்டிக்கப்பட்டார். பத்தாண்டுச் சிறைக்குப் போகுமுன்பே 1990இல் புற்றுநோயால் இறந்தார். மூலை வெட்டிய மலிவுத் தட்டுகளுக்காக நடந்த கூத்து இது. வில்லியம் நோடல்சீடரின் ‘ஸ்டிஃப்டு’ புத்தகம் முழுக்க இந்த வழக்குதான். துப்பறியும் கதை தோற்றுவிடும்.

◆ இன்றைய ஆன்லைன் கடைகளுக்குத் திரும்பி வந்து எந்தப் பிரிவிலும் விற்காமல் போனவை மரப் பலகையில் அடுக்கி, உள்ளே என்ன இருக்கிறதென்று பிரித்துப் பார்க்காமலேயே மொத்தமாக ஏலம் போகும். அமெரிக்காவில் ‘பின் ஸ்டோர்’ என்ற கடைகள் இதை வாங்கித் தொட்டிகளில் கொட்டிவைக்கின்றன. சரக்கு வந்த நாளில் எதை எடுத்தாலும் ஒரு விலை; மறுநாள் அதைவிடக் குறைவு; வாரக் கடைசியில் ஒரு டாலர், இரண்டு டாலர். அங்கே இசைத்தட்டு தேடுவதில் ஒரு சங்கடம்: தொட்டியில் அதன் மேல் குக்கரும் மிக்சியும் விழுந்திருக்கும்.

◆ ஆலையில் தேறாத தட்டுகளை அரைத்து மறுபடி அச்சிடலாம். ஆனால் நடுவில் உள்ள காகித லேபிளை வட்டமாக வெட்டி எறிந்துவிட வேண்டும். காகிதத் துணுக்கு கலந்தால் அடுத்த தட்டு பொரிந்துகொண்டே பாடும்.

◆ ‘இது முழுக்க அனலாக்’ என்ற நம்பிக்கையில் அதிக விலைக்கு விற்ற ‘மொபைல் ஃபிடெலிட்டி’ நிறுவனத்தின் தட்டுகளில், பல ஆண்டுகளாக நடுவே ஒரு டிஜிட்டல் படி இருந்தது 2022 ஜூலையில் அம்பலமானது. ஃபீனிக்ஸ் நகரத்துத் தட்டுக்கடைக்காரர் ஒருவர் கிளப்பிய விவகாரம். வாங்கியவர்கள் தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்தது, மதிப்பு 2.5 கோடி டாலர் வரை என்றார்கள். தட்டைத் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணம், வைத்துக்கொண்டால் ஒரு சிறு தொகை அல்லது கூப்பன். இதில் வேடிக்கை, சில பதிப்புகள் பழைய தட்டுச் சந்தையில் வாங்கிய விலையைவிட அதிகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஏமாற்றிவிட்டார்களே என்று கொதித்தவர்களும் கணக்குப் போட்டுவிட்டுத் தட்டை அலமாரியிலேயே வைத்துக்கொள்வதில் நியாயம் இருந்தது.

◆ 1966 ஜூனில் பீட்டில்ஸின் ‘யெஸ்டர்டே அண்ட் டுடே’ ஆல்பம் அமெரிக்காவில் வந்தது. அட்டையில் நால்வரும் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, மடியில் இறைச்சித் துண்டுகளும் கை கால் கழன்ற பொம்மைகளுமாக உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர்கள் அலறினார்கள். கேபிட்டல் நிறுவனம் எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்தது. சிக்கனம் கருதி, பல பிரதிகளில் பழைய அட்டையின் மேலேயே சாதுவான புதுப்படத்தை ஒட்டி மறுபடி விற்றார்கள். அதை வாங்கியவர்கள் ஆவி காட்டி மேல்படத்தை உரிக்கக் கற்றுக்கொண்டார்கள். சேகரிப்பாளர் கணக்கில் மூன்று வகை: ஒட்டாதது, ஒட்டியது, உரித்தது. ஒட்டாத ஒரு பெட்டிப் பிரதிகளைக் கேபிட்டல் தலைவர் ஆலன் லிவிங்ஸ்டன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். இருபது வருடம் கழித்து அவர் மகன் அவற்றை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது சேகரிப்பாளர்கள் முட்டி மோதினார்கள்.

◆ 2023 ஜூலை. டெய்லர் ஸ்விஃப்டின் ‘ஸ்பீக் நவ்’ மறுபதிவு வெளியானது. பிரிட்டனில் சிலர் அந்த வெளிர் ஊதா நிறத் தட்டைப் போட்டால், டெய்லரைக் காணோம். 1990களின் பிரிட்டிஷ் எலக்ட்ரானிக் இசைத் தொகுப்பு ஒன்று ஓடியது. ‘கேபரே வால்டேர்’ குழுவின் பாட்டில் ஒரு மர்மக் குரல் ஏழாயிரம் கோடி மனிதர்களைப் பற்றிப் பேசிற்று. ஆலையில் அச்சு மாறிவிட்டது. வேறு தட்டு தருகிறோம் என்று நிறுவனம் சொன்னது. ஆனால் திருப்பிக் கொடுப்பதா, பத்திரப்படுத்துவதா என்று வாங்கியவர்கள் யோசித்தார்கள். பிழையான பிரதிகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் உடனே கிராக்கி வந்துவிட்டது. போட்டுக் கேட்டவர்களுக்கு மட்டும்தான் தங்களிடம் இருப்பது எது என்று தெரிந்தது. சீல் பிரிக்காமல் அலமாரியில் நிறுத்தியவர்களிடம் அந்தப் பிரதிகள் இன்னும் எத்தனை இருக்குமோ!